சத்தமில்லாத மெஷின்

கட்டாத வீட்டுக்குப் படம் போடுவது அவர் தொழில். கட்டடக்காரர்கள் வெறும் கோடுகளாக ஒரு வரைபடத்தை அனுப்புவார்கள். இவர் அதற்குக் கணினியில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, மாலை வெயிலைச் சாய்வாக விழ வைத்து, வாசலில் ஒரு காரையும் நிறுத்தி, நேற்றுத்தான் யாரோ குடிபோன வீடு மாதிரி திருப்பிக் கொடுப்பார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் படக்காரர். ஆள் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்கே மறந்துவிடும்.

அவர் மனைவிக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் இரவு வேலை. அங்கே அவள் நிற்பது பஞ்சிங் மெஷின் முன்னால். அது வாய் திறந்து மூடும் மெஷின். திறக்கும்போது வெட்டிய அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டையை உள்ளே வைக்க வேண்டும், மூடுவதற்குள் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். விடியும்வரை இதேதான். கை பழகிப்போய்த் தானாகப் போய்வரும். கண்தான் விழித்திருக்க வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. அந்தக் கட்டிலின் கால்மாட்டில்தான் படக்காரரின் மேசை.

படம் போட்டு முடித்தால் மட்டும் போதாது. எந்தச் சுவரில் எவ்வளவு வெளிச்சம், எந்த மூலையில் எவ்வளவு நிழல் என்று கணக்குப் போட்டு அதை முழுப்படமாக்க, கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டும். ரெண்டர் என்பார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து போடும் சத்தம் இருக்கிறதே, மிக்ஸியை யாரோ ஓடவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் படுத்து அவள் தூங்க வேண்டும்.

அவள் வேலைக்குப் போனபிறகு ராத்திரியில் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். சூடு ஏறினால் மெஷின் பட்டென்று நின்றுவிடும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், ராத்திரி எனக்குத் தூக்கம் வேண்டாமா என்றார். தனக்குத் தூக்கம் வேண்டும் என்று தெரிந்த மனுஷனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அவள் தம்பி ஒருநாள் வந்தவன், அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டான்.

"மாமா, அந்தப் பெட்டியைத் தூக்கி முன்னறையில வைங்களேன். நானே தூக்கிக் குடுக்கறேன்."

"முன்னறையில ரோட்டுத் தூசி வரும்டா. வெயில் வேற அடிக்குது. மெஷின் செத்துப்போயிடும்."

"அப்போ அக்கா?"

"அதுக்குத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார் படக்காரர். சமையலறையில் வைக்கலாமே என்றான் தம்பி. எண்ணெய்ப் புகை என்றார். அவர் கையில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தம்பி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஒருநாள் காலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நேத்து மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ணு சொருகிடுச்சுங்க. பக்கத்துல இருந்தவ கத்தினா. இல்லைன்னா கை உள்ள போயிருக்கும்."

படக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்கத் தன் மெஷினைத் தொடவில்லை. அவள் சாயங்காலம்வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அப்படியே பகலில் நிறுத்தி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை. தற்காலிகமாக எதையும் செய்வது அவருக்குப் பிடிக்காது. செய்தால் ஒரேயடியாகச் செய்துவிட வேண்டும்.

அப்படித்தான் தண்ணீர் யோசனை வந்தது. ஃபேன் வைத்துக் காற்றால் ஆற்றுவதற்குப் பதிலாக, சூடாகிற இடத்தின் மேல் செம்புக் கட்டியை உட்காரவைத்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, அந்தச் சூட்டைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் மெதுவாக ஆற்றுவது. சின்ன பம்ப் ஒன்று தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அனுப்பும். பெரிய ரேடியேட்டர் போட்டால் அதன் ஃபேன்கள் சுற்றுவதே காதில் விழாது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்க. சத்தமே இல்லாம பண்ணிடறேன்" என்றார்.

"பகல்ல கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா போதுங்க."

"அது தீர்வு இல்ல. நீ பாரு."

அதற்குப் பிறகு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதும் பம்ப், பல் தேய்க்கும்போதும் ரேடியேட்டர். கணினி பாகங்கள் விற்கும் கடைக்காரர் இவர் தலை தெரிந்தாலே உள்ளே போய் ஒளிய ஆரம்பித்தார். ஒருநாள் மாட்டிக்கொண்டு, "சார், பொண்ணு பார்க்கக்கூட நான் இத்தனை தடவை போகல. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க" என்றார். இவர் கோபப்படவில்லை. அலுமினியம் ரேடியேட்டரைச் செம்போடு சேர்த்தால் ஒன்றை ஒன்று அரித்துத் தின்றுவிடும் என்று கடைக்காரருக்கே அரைமணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பி வந்தார்.

வீட்டில் மெஷின் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலைமேல் தலையணையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். தூங்குகிறாளா என்று அவர் அவ்வப்போது திரும்பிப் பார்ப்பார். பாவமாக இருக்கும். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வளைகுழாயா நேர்க்குழாயா என்று மறுபடி யோசிப்பார்.

ஒருவழியாகப் பாகங்களை முடிவு செய்து, ஆர்டரும் கொடுத்துவிட்டார். ஆனால் குழாய் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், கண்ணாடி மாதிரி தெரிகிற குழாயா கறுப்பா என்று பார்த்துவிட வேண்டாமா? வீட்டுக்காரனுக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறவர், தன் மெஷினுக்குப் போட்டுப் பார்க்காமல் விடுவாரா? உட்கார்ந்து போட்டார். ஒவ்வொரு திருகாணியையும் போட்டார். குழாய்க்குள் தண்ணீரைப் போட்டார். பிறகு அதை ரெண்டரில் விட்டார்.

கண்ணாடிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிச்சம். கணினிக்கு இதைவிடக் கஷ்டமான கணக்கு கிடையாது. மூன்று மாடி வீட்டைவிட இது அதிக நேரம் இழுத்தது. சத்தமில்லாத ஒரு மெஷினின் படத்துக்காக அந்தப் பழைய மெஷின் காலையிலிருந்து அறையே அதிரும்படி கத்தியது. சரியாக வரவில்லை என்று நிறத்தை மாற்றி மறுநாளும் விட்டார். அதற்கு அடுத்த நாளும் விட்டார்.

மூன்றாம் நாள் அவள் தலையணையை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னிக்கு ஒரு நாளாவது நிறுத்தக் கூடாதா? கண்ணை மூடவே முடியல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. "சாயங்காலம் குடுத்தாகணும். பெரிய வீடு. பார்ட்டி உட்கார்ந்திருக்காங்க" என்றார், வாய் கூசாமல்.

அவள் திரையைப் பார்த்தாள். பாதி வந்திருந்த படத்தில் கண்ணாடியும் நீரும் மினுமினுப்பும் மட்டும்தான் தெரிந்தன.

"என்ன வீடுங்க இது?"

"உள்ள தண்ணி ஓடுற மாதிரி கட்டறாங்க."

"அழகா இருக்கு" என்றாள். "சரி, வேலைன்னா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தாள். சாயங்காலம் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவர் படத்தைப் பார்த்தார். பிரமாதமாக வந்திருந்தது. கறுப்பு வேண்டாம், கண்ணாடிக் குழாயே போடலாம் என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

வலது கையில் இரண்டு விரல், ஆள்காட்டியும் நடுவிரலும். கை நுழைந்தால் மெஷினைத் தானாக நிறுத்த வேண்டிய கம்பி ஒன்று இருந்ததாம், வேலை தாமதமாகிறது என்று அதைக் கட்டிவைத்திருந்தார்களாம். மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியைக் கட்டியவர்களுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது கம்பியை நினைக்கவில்லை. கண்ணாடிக் குழாயைத்தான் நினைத்தார்.

தம்பி ஓடி வந்தான். வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"தூங்கவிட்டீங்களா மாமா அவளை?"

கட்டிலில் இருந்து அவள்தான் சொன்னாள், மருந்து மயக்கத்தில் இழுத்து இழுத்து. "அவரை ஒண்ணும் சொல்லாதடா. அன்னிக்கு அவருக்குப் பெரிய வேலை. நிறுத்தச் சொல்ல முடியல."

தம்பி அடங்கிப்போனான். "சாரி மாமா" என்றுகூடச் சொன்னான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் படக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் பாகங்கள் வந்து கிடந்தன. அவர் பிரிக்கவே இல்லை. மாசக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கும், அவள்தான் கேட்டாள்.

"எனக்காகத்தானே வாங்கினீங்க. பண்ணுங்க. எனக்கும் பொழுது போகும்."

பண்ணினார். குழாயைச் சூடு காட்டி வளைத்தார். முதல் குழாய் மடங்கிப்போனது, அடுத்தது சரியாக வந்தது. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் காகிதக் கைக்குட்டையை விரித்து, ஒரு சொட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அவள் இடது கையால் கைக்குட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். இடது கைக்கு இன்னும் பழகவில்லை, இரண்டு தடவை கீழே போட்டாள். அவர் குனிந்து எடுத்தார். குழாய்க்குள் இருந்த குமிழ்கள் கொஞ்ச நேரம் களகளவென்றன, பெட்டியைச் சாய்த்து ஆட்டியதும் ஒவ்வொன்றாக வெளியேறின. எங்கேயும் ஒழுகவில்லை.

கடைசியில் மெஷினை ஓடவிட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது."

அவள் நம்பாமல் பெட்டியின் பக்கவாட்டில் இடது கையை வைத்துப் பார்த்தாள். லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். "சொன்ன மாதிரியே பண்ணிட்டீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

"படுத்துக்க. இனி நல்லாத் தூங்கலாம்."

"தூங்கி எந்த வேலைக்குப் போகப் போறேன்" என்றாள், ஆனாலும் படுத்தாள். கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்துவதுகூட அறைக்குள் கேட்டது. அவர் மேசைமுன் உட்கார்ந்து, திரையைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்.

"ஏங்க."

"ம்."

"அன்னிக்கு ஓடிட்டு இருந்துச்சே, உள்ள தண்ணி ஓடுற வீடு. கட்ட ஆரம்பிச்சிட்டாங்களா?"

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

"ஆரம்பிச்சிட்டாங்க."

"முடிஞ்சதும் என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. உள்ள விடலன்னாலும் பரவால்ல, வெளியில நின்னு பார்த்துக்கறேன். ரெண்டு விரல் எதுக்குப் போச்சுன்னு ஒரு ஆறுதலாவது இருக்கும்ல."

"சரி" என்றார். அறையில் வேறு எந்தச் சத்தமும் இல்லாததால் அது அவளுக்கு நன்றாகவே கேட்டது.