உக்காந்து சம்பாதிக்கிறவன்

கூடைப்பந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஓடுகிற ஐந்து பேரைப் பார்ப்பார்கள். நான் உட்கார்ந்திருக்கிற ஏழு பேரைப் பார்ப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். தொழில்முறை அணி ஒன்றில் பெஞ்சின் பலத்தைக் கணித்துச் சொல்வது என் வேலை. யார் களைத்தால் யாரை இறக்கலாம், இறக்கினால் எத்தனை நிமிஷம் தாங்குவான், அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை அனுப்பிவிடலாம் என்று சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "சொம்மா உக்காந்து மேட்ச்சு பாக்கறதுக்கா துட்டு குடுக்கறாங்க?" என்று கேட்பார்கள். ஆமாய்யா, அதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

ஊரெல்லாம் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை பாயிண்ட் போட்டார்கள் என்று கூட்டிப் பார்த்து, இந்த அணிக்கு பெஞ்ச் பலமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இருபது பாயிண்ட் முன்னிலையில், எதிராளி கையைத் தொங்கப்போட்ட பிறகு, யார் இறங்கினாலும் பந்தைப் போடுவான். அதெல்லாம் ஒரு கணக்கா? முக்கியமான ஆள் நான்கு ஃபவுல் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான், ஸ்கோர் இழுபறியில் இருக்கிறது, அப்போது உள்ளே போகிறவன் அதைக் கீழே விழாமல் பிடிக்கிறானா? அதுதான் பெஞ்ச். இன்னொன்றும் பார்ப்பேன். கூப்பிடுவதற்கு முன்பே ஷூ லேஸை இறுக்கிக்கொள்கிறவன் எவன், கூப்பிட்ட பிறகு ஜாக்கெட்டின் ஜிப்பைத் தேடுகிறவன் எவன் என்று. ஜிப்பைத் தேடுகிறவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நான் இதையெல்லாம் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அதே வரிசையில் ஐந்து வருஷம் பதினோராவது ஆளாக உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அதற்கு முன்பும் எனக்கு அது புதிதில்லை. சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரு சிமெண்ட் தரையில் பெரிய பசங்கள் ஆடுவார்கள். நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்தால், "சர்தான் வா, நீ ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வார்கள். நான் போட்டாலும் பாயிண்ட் இல்லை, விட்டாலும் குற்றமில்லை. அது தெரியாமல் நான் உயிரைக் கொடுத்து ஓடுவேன். பிற்பாடு ஆறடி நான்கங்குலம் வளர்ந்து, ஒரு தொழில்முறை அணியிலும் இடம் வாங்கி, பெயர் பொறித்த சட்டையோடு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, நான் எங்கிருந்து கிளம்பினேனோ அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறேன் என்று.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக்கடையில் இருபத்தாறு வருஷமாகச் சேல்ஸில் இருக்கிறாள். காலையில் போனால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு, குழந்தைக்கு பலூன் உண்டு. புடவை எடுத்துப் போடுகிறவளுக்கு உட்கார அனுமதி இல்லை. இப்போது சட்டம் வந்து கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். இவள் உட்காருவதில்லை. கேட்டால், "ஒக்காந்தா எந்திரிக்க வரமாட்டுதுடா" என்பாள். வீட்டுக்கு வந்ததும் முட்டியில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொள்வாள். எங்கள் வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் அது அந்தத் தைலத்தின் வாசனைதான்.

அப்படிப்பட்டவள், என் ஐந்தாவது சீசனின் கடைசிக்கு முந்தைய மேட்ச்சுக்கு முதல்முறையாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் லீவு கேட்பதே பெரும்பாடு, எப்படியோ கேட்டு வாங்கிவிட்டாள். அன்றைக்கு நாற்பது நிமிஷமும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. களைத்து வந்தவர்களுக்குத் துண்டு நீட்டினேன், தண்ணீர் கொடுத்தேன். இடையில் ஒருமுறை பயிற்சியாளர் என் பக்கம் குனிந்து, அவன் கால் இழுக்கிறதா என்று ஒருவனைப் பற்றிக் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஆட்டம் முடிந்து அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கூசிக்கொண்டே வெளியே வந்தேன். அவளோ வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

ஏன் என்று மறுநாள் காலை தெருக் குழாயடியில்தான் தெரிந்தது.

"அஞ்சி பேரு கெடந்து ஓடறானுங்க, பாவம், வேர்த்து ஊத்துது. என் புள்ள ஆபீசர் கணக்கா குஷன் சேர்ல உக்காந்துகினு கீறான். ஓடிட்டு வர்றவனுக்கெல்லாம் இவந்தான் துண்டு குட்து அனுப்பறான். கோச்சே இவனாண்ட வந்து குனிஞ்சி யோசன கேட்டுட்டுப் போறாருன்னா பாத்துக்கயேன்! நான் நின்னு சம்பாதிச்சேன், எம்புள்ள உக்காந்து சம்பாதிக்கிறான்!"

பக்கத்து வீட்டு அக்கா, "குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் நிற்கும். குடத்தைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவை வீட்டுக்குள் இழுத்துவந்தேன். "தெருவெல்லாம் என் மானத்த வாங்கினியாம்மா? அது மரியாத இல்ல! ஆட்டத்துல சேத்தி இல்லன்னு அர்த்தம். ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லுவாங்களே, அதான் நானு! சம்பளம் வாங்கற ஒப்புக்குச் சப்பாணி! அதுவும் எத்தினி நாளைக்கு? அடுத்த வாரம் கடைசி மேட்ச்சு. அதோட பெஞ்சில ரெண்டு பேரக் கழட்டி உடப் போறாங்க. அதுல நான் ஒர்த்தன், போதுமா?"

அதுவரை நான் யாரிடமும் சொல்லாத செய்தி அது. நிர்வாகம் செலவைக் குறைக்கப் பார்க்கிறது, கடைசி மேட்ச் முடிந்ததும் பெஞ்சை அலசப் போகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வயதிலும் தேய்ந்த முட்டியிலும் வரிசையில் முதல் ஆள் நான்தான்.

அம்மா என் கையிலிருந்த குடத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள், "அப்போ ஓடறவனுங்க ஷோகேஸு. நீங்கள்லாம் குடோன் ஸ்டாக்கா?"

"ஆமா தாயே. குடோன் ஸ்டாக்கு."

"குடோனு காலியா கீற கடை தீபாவளிக்குத் தாங்காதுடா. இதுலயே வேற கலர் காமின்னு ஒர்த்தி கேப்பா. இல்லன்னு சொன்னியா, பையத் தூக்கினு அடுத்த கடைக்குப் பூடுவா." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று குரல் இறங்கியது. "நிக்கறதுதான் நோவும்னு நெனச்சுகினு இருந்தேன் நைனா. உக்காந்துகினே இருக்கறதும் நோவுமா?"

நான் விருட்டென்று வெளியே போய்விட்டேன். கடலோரம் கருங்கல் மேல் போய் உட்கார்ந்தேன். அப்புறம், அங்கேயும் உட்காருகிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்து, எழுந்து எண்ணூர் பக்கமாகக் கால் போன போக்கில் நடந்தேன். பெற்றவளைத் திட்டிய வாய்க்கு ஒரு டீகூட இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அம்மா வந்தாள். உள்ளே நுழைந்ததும் நான் கேலரியில் அவளைத் தேடினேன். வாங்கிக் கொடுத்த சீட்டில் அவள் இல்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம், கடையில் நிற்பது மாதிரியே இரண்டு கையையும் வயிற்றோடு கோத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே நூறு நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் கையசைத்து உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். இடைவேளையில் கேலரிக் கம்பிக்குக் கீழே போய் நின்று கூப்பிட்டேன், படியிறங்கி வந்தாள்.

"இன்னாம்மா இது? முட்டி வீங்கிடும். போய் உக்காரு."

"நீ எந்திரி. நான் உக்கார்றேன்."

"என் கையிலயா கீது?"

"அப்போ என் கால்லயும் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி படியேறிப் போய்விட்டாள். எனக்கு இந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் சென்டர், வளையத்தடியில் ஆடுகிற உயரமானவன், நான்காவது ஃபவுலை வாங்கினான். இன்னும் ஒன்று வாங்கினால் ஆட்டத்தை விட்டே வெளியே. பயிற்சியாளர் அவனை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். உயரமான மாற்று ஆட்கள் இரண்டே பேர்தான், நானும் அந்த வருஷம் வந்த வியாசர்பாடிக்காரனும். அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவனும் கழட்டிவிடப்படும் பட்டியலில் இருக்கிறான் என்று பேச்சு.

பயிற்சியாளர் என்னைத்தான் கேட்டார். "நீ இங்க எல்லாரையும் பாத்துட்டு இருக்கிறவன். சொல்லு தம்பி. நீயா, அவனா?"

மேலே அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். 'நான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உட்கார்ந்துவிடுவாள். சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எதிரணி சென்டர் மின்னலாகத் திரும்புகிறவன், என் முட்டி அவன் பின்னால் ஓடாது. பக்கத்தில் பார்த்தேன். வியாசர்பாடிக்காரன் குனிந்து ஏற்கெனவே லேஸை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அவன் சார்" என்றேன்.

நன்றாகவே ஆடினான் படுபாவி. நான் மேலே பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

கடைசிக் குவார்ட்டரில் சென்டர் திரும்ப இறங்கி ஐந்தாவது ஃபவுலையும் வாங்கி வெளியே வந்தான். மறுபடி வியாசர்பாடிக்காரனே போனான். மூன்று நிமிஷம் பாக்கி இருக்கும்போது அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, கீழே உட்கார்ந்துவிட்டான். நாங்கள் ஆறு பாயிண்ட் பின்னால். பயிற்சியாளர் திரும்பியபோது நான் ஜாக்கெட்டைக் கழற்றி, லேஸைக் கட்டி நின்றுகொண்டிருந்தேன். இதுலயே வேற கலர் என்று இனி காட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆடுகளத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போது ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, கடைசி வரிசையின் ஓர நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முழுசாக, முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். என் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பந்து என் பக்கம் வந்தது, நல்லவேளை கையில் பட்டது.

அந்த மூன்று நிமிஷத்தில் நான் ஒரு பாயிண்ட்கூடப் போடவில்லை. குறி தவறித் திரும்பிய பந்தைப் பிடித்து இரண்டு ரீபவுண்டு எடுத்தேன். அவர்களுடைய சென்டர் முழு வேகத்தில் வந்தபோது நகராமல் நின்று அவனை மோதவிட்டேன், ஃபவுல் அவன் கணக்கில் ஏறியது. தோற்றுத்தான் போனோம், இரண்டு பாயிண்டில். ஆனால் நான் இறங்கும்போது ஆறு பின்னால் இருந்தோம், முடியும்போது இரண்டு. இந்த நான்கு பாயிண்டை எந்தப் பட்டியலிலும் என் பெயருக்கு எதிரே எழுத மாட்டார்கள். இன்றைக்கும் ஒரு பெஞ்சை எடைபோட உட்காரும்போது முதலில் தேடுவது இந்த மாதிரி எழுதாத நான்கைத்தான்.

உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில் பயிற்சியாளர் நிறுத்தினார். "உன்ன ஆட்டக்காரனா வெச்சுக்க முடியாது. அது உனக்கே தெரியும்" என்றார். தெரியும் என்றேன். "ஆனா, அவன்னு சொன்ன பாரு. அந்த வாய் என் பக்கத்துல இருக்கணும். நிர்வாகத்துகிட்ட பேசறேன்." வியாசர்பாடிக்காரனை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதையும் நீதான் எழுதித் தரப்போற" என்றார்.

வெளியே அம்மா காத்திருந்தாள். மெட்ரோ வண்டியில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இனிமேல் ஆடமாட்டேன் என்பதையும், கிடைத்தால் கிடைக்கப்போகிற வேலையையும்.

"இன்னா வேல?"

"ஆளுங்களப் பாத்து யாரு தாங்குவான்னு சொல்ற வேல."

"உக்காந்துகினா?"

"உக்காந்துகினுதாம்மா."

"அத்தத்தானடா நான் கொழாயாண்ட சொன்னேன்! என்னப் போய்ப் புடுச்சி ஏசின" என்று என் கையில் ஒரு அடி வைத்தாள். சிரித்தோம். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்ணாரப்பேட்டை தாண்டியதும் காலேஜ் படிக்கிற மாதிரி ஒரு பெண் அம்மாவைப் பார்த்து எழுந்தாள். "உக்காருங்க ஆன்ட்டி."

"வேணாம்மா, நீ உக்காரு. நான் இப்பத்தான் ஷோக்கா உக்காந்துட்டு வர்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்த உக்காந்த? மூணே நிமிஷம்! காலையிலர்ந்து நின்னுகினு கீற. உக்காரும்மா, முட்டி நோவும்."

அம்மா கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோவு போற அளவுக்கு ஆடினியே நைனா."