பெரியப்பாவின் முதல் ஓட்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அம்மா இன்னொரு முறை அளப்பாள். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால் அப்பா அன்றைக்குப் பார்த்துக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். காரைக்கால் பக்கம் இருக்கும் எங்கள் குரும்பகரத்தில் மற்ற வீடுகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு நல்ல திட்டம் வருகிறது என்றால், அங்கே வேண்டாம் என்று தள்ளியது இங்கே வருகிறது என்றுதான் எங்கள் ஊரில் பொருள் எடுத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அரை போலீஸ்காரியாக இருந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்த வருடம் சமூக அறிவியல் டீச்சர் நாடாளுமன்றப் பாடம் நடத்தினார். டெல்லி மக்களவையில் நமக்கு ஒரே ஓர் இடம்தான் என்றார். பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி. மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. இந்த நாலு ஊர்க்காரர்களின் குறையையும் ஒரே மனிதர் கேட்டுக்கொண்டுபோய் டெல்லியில் சொல்வார் என்றால் யார் நம்புவது? எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறிக்கு அடியில் யார் படுப்பது என்பதற்கே தினமும் சண்டை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதே மாதிரி பாரீசுக்கு ஒருவரை அனுப்பினார்கள் என்றும் டீச்சர் சொன்னார். அப்படிப் போனவர்களில் சில வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பக்கமே வந்ததில்லையாம். ஓட்டுச்சாவடிக்கு ஆளே வராமல் ஓட்டுப்பெட்டி மட்டும் நிறைந்ததும் உண்டாம். எங்கள் ஊரின் சந்தேகம் எந்தக் கிணற்றில் ஊறியது என்பது அன்றைக்கு எனக்குப் பாதி விளங்கியது.

பாடம் முடிந்ததும் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. டெல்லிக்கு ஆள் அனுப்ப நம் ஊர்க்காரர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்களே, அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைத்துச் சால்வை போர்த்தலாம் என்றார். "அப்படி யாராவது உங்க வீட்டுல இருக்காங்களா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க பெரியப்பா இருக்காங்க டீச்சர். குரும்பகரத்துல மொத ஓட்டே அவங்கதான் போட்டாங்க."

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். வயல் வேலை முழுவதும் அவர் கையில்தான். அப்பா காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்ததால், விதைப்பிலிருந்து அறுப்பு வரை எல்லாம் பெரியப்பாவைக் கேட்டுத்தான் நடக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் பிள்ளைகள் மட்டும் சுற்றி இருக்கும்போது, "டெல்லிக்கு மொத ஆள அனுப்புனதுல இந்தக் கையும் உண்டு" என்று இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரலைப் பார்த்துத்தான் நான் டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பெரியப்பாவின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "வேற ஆளப் பாக்கச் சொல்லு டீச்சர. எனக்கு நாத்தாங்கால்ல வேல இருக்கு" என்றார். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் நாற்றங்காலில் என்ன வேலை? என் காது அப்போதே நிமிர்ந்துகொண்டது.

இந்த நேரம் பார்த்து நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது. ஓட்டுப் போடும் நாளன்று பெரியப்பா வழக்கம்போல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கருக்கு அரிவாள் பட்டுவிட்டது என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. யாருக்காவது ஒரு தும்மல் வந்தால் காரணம் கேட்கிற அம்மா, ரத்தக் காயத்துக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் போன தேர்தல் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே விரலில் இதே மாதிரி துணி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போகிறவர் கையில் அரிவாள் எங்கிருந்து வரும்?

மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். இங்கே கண்ணாடி வைத்துத் தேடினாலும் புண் இல்லை. மையும் இல்லை. கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது விரல்.

பப்பாளிப் பாலைத் தடவினால் ஓட்டு மை போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். மையை அழித்துவிட்டு இன்னொரு ஓட்டுப் போடுகிறாரா? எங்கள் ஊரைச் சுற்றிலும் தமிழ்நாடு. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு பக்கமும் ஓட்டு வைத்திருப்பவர்கள் உண்டு என்று ஒரு பேச்சும் இருந்தது. எங்கள் பெரியப்பா கள்ள ஓட்டுக்காரர் என்று முடிவு கட்டினேன். அவரைத்தான் நான் ஊருக்கு முன்னால் மேடையேற்றப் போகிறேன். விஷயம் வெளியே வந்தால் அவர் மானம் போகும், அடுத்த நாள் வகுப்பில் என் மானமும் போகும்.

"பெரியப்பா கையில ஏம்மா மை இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "ஒனக்கு வேற வேலை இல்லையா? போய் வெங்காயத்த உரி."

பதில் தெரியாதவள் பேசுகிற பேச்சு இல்லை இது. வீட்டில் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சேர்ந்து மூடுகிறார்கள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

நான் அதைவிடப் பயந்தது டீக்கடை மாமாவைப் பார்த்துத்தான். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த அவர், ஓட்டு என்று ஊரில் ஆரம்பித்த காலத்திலிருந்தே ஒரு கட்சிக்குச் சாவடி ஏஜெண்ட். ஓட்டுப் போட வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் ஆட்சேபணை சொல்வதுதான் ஏஜெண்டின் வேலை. சந்தேகப்படுவதையே வேலையாகக் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர் விடுவாரா? கட்டிய மனைவி ஓட்டுப் போட வந்தபோதே, "இது யாருன்னு கேளுங்க சார்" என்று அதிகாரியிடம் சொன்னவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த அத்தை அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வாரம் சோறு போடவில்லையாம். பெரியப்பா அந்தக் கடையில் டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த ஊர் வரை சைக்கிளில் போய்க் குடித்துவிட்டு வருவார்.

விழாவுக்குச் சில நாள் முன்பு நான் சர்க்கரை வாங்கப் போனபோது டீக்கடை மாமா என்னைக் கூப்பிட்டார். "என்ன பாப்பா, ஒங்க பெரியப்பாதான் மொத ஓட்டு போட்டாருன்னு டீச்சர்கிட்ட சொன்னியாமே?"

"ஆமா" என்றேன்.

"அவரு ஒன்கிட்ட அப்புடி சொன்னாரா?"

"சொன்னாங்க."

அவர் பாலை ஆற்றப் போய்விட்டார். அவரையும் டீச்சர் விழாவுக்கு அழைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மேடையில் வைத்துப் பெரியப்பாவைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். பாதிச் சர்க்கரை வழியிலேயே கொட்டிப் போயிற்று.

கடைசியில் பெரியப்பா விழாவுக்கு வந்தார். நான் அழுததால் வந்தாரா, அவருக்கே உள்ளுக்குள் ஆசை இருந்து வந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேடையில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோடியில் பெரியப்பா, மறுகோடியில் டீக்கடை மாமா. டீச்சர் என் கையில் மைக்கைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னார்.

"முதல் ஓட்டுப் போட்ட அனுபவத்தை எங்களுக்குச் சொல்லுங்கள் பெரியப்பா" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

பெரியப்பா எழுந்து மைக்கை வாங்கினார். "விடியங்காட்டி போயிட்டேன். பனி கொட்டுது. எனக்கு முன்னாடி யாருமே இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. கல்யாணத்துக்குப் போற மாதிரி எல்லாரும் துவைச்ச துணி கட்டிட்டு வந்தாங்க. கதவத் தொறந்தாங்க. நான்தான் மொதல்ல உள்ள போனேன். மேசைகிட்ட போனேன். அதிகாரி என் பேர வாசிச்சாரு…"

அதோடு நின்றுவிட்டார். மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு பிள்ளை சிரித்தது. பார்த்தீர்களா, பொய் தீர்ந்துபோய்விட்டது என்று எனக்குள் இருந்த போலீஸ்காரி சொன்னாள். ஆனால் அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படியாவது அவர் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

மறுகோடியிலிருந்து டீக்கடை மாமா எழுந்து வந்தார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்புறம் என்ன, ஓட்டுப் போட்டாரு" என்று மைக்கில் அவர் குரல் கேட்டது. "ஏஜெண்டா நான்தான் அங்க ஒக்காந்திருந்தேன். என் கண்ணால பாத்தேன். இந்த ஊருல மொத ஓட்டு அண்ணன் போட்டதுதான். இதுல எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா எங்கிட்ட வந்து சொல்லலாம்."

கைதட்டல் எழுந்தது. வயதானவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் முதலில் தட்டினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். டீச்சர் சால்வையைப் போர்த்தினார். ஊரிலேயே பெரிய சந்தேகப்பிராணி சாட்சி சொல்லிவிட்ட பிறகு நான் யார் சந்தேகப்பட? என் சந்தேகத்தை அந்த இடத்திலேயே மூட்டை கட்டிவிட்டேன். அரிவாள் நிஜமாகவே பட்டிருக்கும், லேசாகப் பட்டதால் ஆறியிருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஓட்டு வயது வந்து, நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்றுதான் அப்பா உண்மையைச் சொன்னார். எங்கள் ஊர்களை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பிரெஞ்சுக்காரர்களோடு முடிந்த சமயத்தில், யாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமோ அவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று கொஞ்ச காலம் கெடு கொடுத்தார்கள். அப்பாவின் அப்பா எங்கள் குடும்பத்துக்கே உரிய முறையில் யோசித்திருக்கிறார். டெல்லியையும் நம்ப முடியாது, பாரீசையும் நம்ப முடியாது. ஆகவே பெரிய பிள்ளை அங்கே, சின்னப் பிள்ளை இங்கே. பல வீடுகளில் இப்படித்தான் செய்தார்களாம். பெரியப்பா அப்பன் சொல்லைத் தட்டாமல் எழுதிக் கொடுத்தார். பிரான்சுக்குப் போவதற்குள் அப்பாவின் அப்பா படுத்த படுக்கையானார். பெரியப்பா ஏரைப் பிடித்தார். பிறகு எங்கேயும் போகவில்லை. பாரீசுக்கு ஓட்டுப் போட அவருக்கு உரிமை இருந்தது. அதை அவர் ஒருநாளும் கேட்டுப் போனதில்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. ஆனால் அந்த முதல் தேர்தலில் பட்டியல் எழுதியவர்கள் தவறிப்போய் அவர் பெயரையும் எழுதிவிட்டார்கள். பெயர் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லையாம். புதுச் சட்டை தைத்துக்கொண்டு விடியும் முன்பே போய் நின்றிருக்கிறார். அதிகாரி பெயரை வாசித்தபோது, அப்போது இளவயது ஏஜெண்டாக அங்கே உட்கார்ந்திருந்த டீக்கடை மாமா வரிசை முழுவதும் கேட்கும்படி, "அண்ணே, ஒங்க ஓட்டு பாரீசுல இருக்கு, இங்க எதுக்கு வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பட்டியலில் பெயர் இருக்கிறது, போட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் அதிகாரி சொன்னாராம். ஆனால் அதற்குள் வரிசை சிரித்துவிட்டது. பெரியப்பா திரும்பி நடந்துவிட்டார். அடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதது அந்த மேடையில் மைக் பிடித்து நின்ற எனக்கும் டீச்சருக்கும்தான்.

ஆறாம் வகுப்பில் அந்த விழா முடிந்த அன்று நானும் பெரியப்பாவும் வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு வந்தோம். நான் சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பெரியப்பா சால்வையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "இன்னிக்கிச் சொன்னத அவன் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

டீக்கடை மாமா குறுக்கே வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டதில்தான் அவருக்கு வருத்தம் என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"பரவால்ல பெரியப்பா. அடுத்த வருஷமும் டீச்சர்ட்ட சொல்றேன். அப்ப யாருக்கும் மைக்கக் குடுக்காதீங்க. ஓட்டுப் போட்டத நீங்களே முழுசா சொல்லுங்க."

பெரியப்பா என் கையை விடாமல் நடந்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.