அடுப்புப் பக்கம் சாயும் வீடு

கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்து டார்லா கோலிக்குண்டைத் தரையில் வைக்கிறாள். தள்ளுவதில்லை, விரலை மட்டும் எடுக்கிறாள். பச்சைக் குண்டு யோசிப்பதுபோல் ஒரு கணம் நிற்கிறது. பிறகு தானாகவே கிளம்பி, மேஜைக்கால், ரஸ்ஸின் நாற்காலி, விறகுப்பெட்டி எல்லாவற்றையும் தாண்டி, வேகம் கூடி, இரும்பு அடுப்புக்கு அடியில் போய்ச் சுவரில் டொக்கென்று முட்டுகிறது. அவள் உதடு அசையாமல் எண்ணுகிறாள். மார்ச்சில் பதினொன்று. ஜூனில் ஒன்பது. இன்றைக்கு ஆறு.

நெருப்புக் கிளறும் கம்பியால் குண்டை வெளியே இழுத்து, சூடு ஆறும்வரை கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள். முட்டும் சத்தத்தில் கணவன் ரஸ் விழித்துக்கொள்ளக் கூடாதென்று சுவரோரம் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அது கருகி நாறியது. எடுத்துவிட்டாள்.

அடுத்த வேலை, மேஜைமேல் ஏறி, புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் விரலை நுழைத்துப் பார்ப்பது. குழாய்க்கும் உத்தரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டினாள். இப்போது ஒரு விரல் போகிறது, அதுவும் சுண்டுவிரல். குழாய் மரத்தைத் தொட்டால் உடனே தீப்பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். மரம் நாள்கணக்கில் உள்ளுக்குள் கறுத்து, காய்ந்து, தனக்கு வசதியான ஒரு நாளில் பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் தீயணைப்பு வண்டி ஃபேர்பாங்ஸில் இருக்கிறது. எழுபது மைல். அதில் கடைசி ஒன்பது மைலுக்குச் சாலை கிடையாது.

மூன்றாவது சோதனை ரஸ் விழித்த பிறகு. அவன் படுத்தபடியே இருக்க, போர்வையை விலக்கி, பென்சிலின் மழுங்கிய முனையால் கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு எந்த விரல் என்று சொல்ல வேண்டும்.

"இது?"

"எடது கால், கட்ட வெரலு."

"இது?"

"அது ஊர்ல இருக்கற எங்க அக்கா."

"வெளயாடாத ரஸ். ஒழுங்காச் சொல்லு."

"கடைசி வெரலுக்கு முந்துன வெரலு. கடைசி வெரலுதான் ஊர விட்டே போயிடுச்சே."

எட்டு விரல்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரிவரை பத்து இருந்தன. அன்று ஆற்றுப் பனியின் மேல் கசிந்து நின்ற தண்ணீரில் ரஸ்ஸின் பனிவண்டி சிக்கி நின்றுவிட்டது. நனைந்த பூட்ஸோடு ஆறு மைல் நடந்து வந்தான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் டார்லாவும் செய்தாள்: அவன் பாதங்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்து, சட்டையை மூடி, கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு விரல்கள் அதற்குள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அவை திரும்பவில்லை. "ஒரு தடவ உறைஞ்ச கால் மறுபடி சில்லிடக் கூடாது. சில்லிட்டா, அடுத்தது வெரலோட நிக்காது" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

வீட்டை அவளேதான் கட்டினாள். ஐம்பத்து நான்கு வயதாகிறது; கட்டத் தொடங்கியபோது நாற்பத்தாறு. ஃபேர்பாங்ஸில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கைகள். மரம் வெட்டியது, பட்டை உரித்தது, மூலையில் மரத்தின்மேல் மரம் உட்காரக் காடி வெட்டியது, கூரைமேல் சோலார் தகடுகளைத் தூக்கி நிறுத்தியது எல்லாம் அவளும் ரஸ்ஸும்தான். மின்கம்பி இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. மின்சாரத்துக்கு எட்டு பேட்டரிகள். குளிரில் அவை செத்துவிடாமல் இருக்கப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "எங்களுக்குக் கொழந்தைங்க இல்ல, பேட்டரிங்கதான்" என்பான் ரஸ்.

பேருந்து ஓட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை முடித்தாலும் கடைசிவரை நடந்து போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பனி கொட்டிய ஒரு நாள், அப்படிப் பார்க்காமல் வண்டியைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டாள். கடைசி இருக்கையில் ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கழித்து மெக்கானிக் பார்த்தார். சிறுமிக்கு ஒன்றுமில்லை, தூக்கம் கலைந்த எரிச்சலைத் தவிர. ஆனால் டார்லா அந்தப் பத்து நிமிஷத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை. விறகு பிளந்துவிட்டு வந்தாலும், தண்ணீர் எடுத்துவிட்டு வந்தாலும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சுவரைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று ரஸ் உள்ளிருந்து குரல் கொடுப்பான். "எறங்கியாச்சு" என்பாள்.

இத்தனை பார்க்கிறவள் காலடியைப் பார்க்காமல் விட்டாள். அந்த மண் இரண்டு அடிக்குக் கீழே வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும். உறைந்திருக்கும்வரை பாறை, உருகினால் கஞ்சி. அதை உருகாமல் காப்பது மேலே மெத்தைபோல் படர்ந்திருக்கும் பாசிதான். சுவர் மரங்களுக்கு இடையில் உள்ள சந்துகளை அடைப்பதற்கும் அந்தப் பாசிதான் வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போய்ச் சதுப்பிலிருந்து எடுத்து வந்திருக்கலாம். ஆகஸ்ட் முடியப்போகிறது, கொசு கண்ணைத் திறக்கவிடவில்லை, முதுகு ஒடிகிறது. காலடியிலேயே, வீடு உட்காரப்போகும் இடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் பாசி கொழுத்துக் கிடந்தது. உரித்து உரித்துச் சுவரில் திணித்தாள். தரையின் போர்வையை எடுத்துச் சுவருக்குப் போர்த்திவிட்டாள்.

அப்படியும் முதல் சில வருஷங்கள் வீடு அசையவில்லை. தூண்களின்மேல் தரையை விட்டு மூன்றடி உயரத்தில் நின்றது. அடியில் காற்று வீசி, குளிர்காலம் முழுக்க மண்ணை இறுக்கி வைத்தது. ரஸ்ஸின் விரல்கள் போன பிறகு அவள் வீட்டைச் சுற்றித் தூண்களுக்கு வெளியே தெர்மகோலும் ப்ளைவுட்டும் வைத்து அடைத்தாள். வீட்டுத் தரை கதகதப்பானது. அடியிலிருந்த மண்ணும்தான்.

கீழ்ப்பாதையில் நாலு மைல் தள்ளித் தனியாக இருக்கும் மேவிஸ், அக்டோபர் கடைசியில் தபாலோடு வந்தாள். உள்ளே நுழையும் முன்பே வாசலில் நின்று தலையைச் சாய்த்து வீட்டைப் பார்த்தாள்.

"என்னடி, உன் வீடு எனக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது?"

"கதவு கொஞ்சம் பிடிக்குது. அவ்வளவுதான்."

"எத்தன தடவ இழைச்ச?"

"ரெண்டு."

"இன்னும் ரெண்டு தடவ இழைச்சா ஜன்னலாயிடும்."

டார்லா சிரிக்கவில்லை. ரஸ் உள்ளே குறட்டைவிட்டுக்கொண்டிருந்தான். இருவரும் விறகுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"ஒவ்வொரு மாசமும் அந்த மூலைக்கு ஜாக்கி வெச்சுத் தூக்கறேன், மேவிஸ். கட்டைய வெச்சு நிமுத்தறேன். மறுபடி எறங்குது."

"சேத்துக்குள்ள ஜாக்கி வெச்சா ஜாக்கிதான் எறங்கும். வீட்ட சுத்தி அடைச்ச பலகைய எடு. இப்பவே எடு. குளுரு உள்ள பூந்தா மண்ணு இறுகிடும். பனி கனமா விழுந்து மூடிடுச்சுன்னா அதுவும் கம்பளி மாதிரிதான். அப்பறம் வசந்தத்துல நீ வீட்டுக்குள்ள போறதுக்கு மம்பட்டி எடுக்கணும்."

"எடுத்தா தரை ஐஸாயிடும். அவன் காலு?"

"ஊருக்கு அனுப்பு. அவங்க அக்கா வீட்ல நாலு மாசம் இருக்கட்டும்."

டார்லா ஒரு விறகை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். அந்தப் பாதையில் மூன்று வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. மூன்று பேரும் குளிர்காலத்துக்கு மட்டும் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஊரில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். தரைக்கடியில் வெப்பக்குழாய் ஓடும். எட்டு விரல்காரன் அதில் ஒரு குளிர்காலம் கால் வைத்துப் பழகிவிட்டு எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

"அவன்கிட்டச் சொன்னியா?" என்றாள் மேவிஸ்.

"பயந்துடுவான்."

"அவனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேவிஸ் வண்டியைக் கிளப்பினாள்.

பிறகு பதினாறு நாட்கள் போயின. தினமும் காலையில் இன்றைக்குப் பலகையை எடுத்துவிடலாம் என்று நினைப்பாள். பிறகு பென்சிலால் விரல்களை அழுத்துவாள். அவன் எட்டையும் சரியாகச் சொல்லிவிடுவான். பலகை அப்படியே இருக்கும். இரவில் கிடைப்பது தூக்கமில்லை, காவல். மரம் குளிரில் வெடிக்கும் சத்தத்துக்கும் தூண் இறங்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். புகைக்குழாய் பக்கத்து மரத்தை எழுந்து எழுந்து முகர்ந்து பார்ப்பாள். வீட்டைக் காப்பாற்றினால் அவன் கால் போய்விடும். அவன் காலைக் காப்பாற்றினால் வீடு. இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் நடுவில் குளிர் சுழியத்துக்குக் கீழே இருபதுக்கு இறங்கியது. காலைச் சோதனைகளை முடித்துவிட்டு டார்லா சறுக்குவண்டியில் தண்ணீர் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினாள். போய்வர எப்போதும் இரண்டு மணி நேரம் ஆகும். அன்று ஓடைப்பனியின்மேல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. ரஸ்ஸின் விரல்களைத் தின்றதும் இதே மாதிரித் தண்ணீர்தான். கரையிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலி டப்பாக்களோடு திரும்பினாள்.

புகைக்குழாயிலிருந்து புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. நல்ல அடையாளம். நேரே கதவுக்குப் போகாமல், வழக்கம்போல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள்.

பின்சுவருக்குக் கீழே ஐந்து பலகைகள் பிடுங்கிப் போடப்பட்டிருந்தன. வீட்டுக்கடியில் கறுப்பாக வாய் திறந்திருந்தது. அதன் முன்னால் மண்டியிட்டு, நெம்புகோலை ஆறாவது பலகைக்குள் செருகிக்கொண்டிருந்தான் ரஸ்.

"எவ்வளவு நேரமா?"

அவன் திரும்பினான். தாடி முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. "நீ இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதே."

"எவ்வளவு நேரமா, ரஸ்?"

"நீ கெளம்புனதுலேர்ந்து."

அவன் கால்களைப் பார்த்தாள். குளிருக்குப் போடும் கனத்த வெள்ளைப் பூட்ஸைக் காணோம். கோடையில் போடும் வேலைப் பூட்ஸ்.

"அந்த குண்டு பூட்ஸ மாட்டிக்கிட்டு மண்டி போட முடியல" என்றான். அவன் தாடை நடுங்கியதில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன.

"யார் உன்ன எடுக்கச் சொன்னா?"

"நீ சொல்லல. அதான். தெனம் காலையில எந்திரிச்சு கோலிய உருட்டற. ஆறு எண்றதுக்குள்ள முட்டுது. என் காலுதான் மரத்துப்போச்சு டார்லா, காது இல்ல."

இத்தனை நாள் அவன் குறட்டை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது பாசாங்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"கட்டில கூரைப் பக்கமா தூக்கிக் கட்டிடு" என்றான் அவன். "சூடு மேலதான போகும். வசந்தம் வரைக்கும் எறங்க மாட்டேன். வௌவாலு மாதிரி இருந்துக்கறேன். ஊருக்குக் கீருக்குன்னு மட்டும் பேசாத."

"எந்திரி."

எழ முயன்றான். கால் அவன் சொன்னபடி கேட்கவில்லை. டப்பாக்களைத் தள்ளிவிட்டு, அவனைச் சறுக்குவண்டியில் உருட்டி ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டு முன்வாசலுக்கு இழுத்துப் போனாள். கதவு பிடித்துக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்து, கக்கத்தில் கைகொடுத்து அவனை உள்ளே இழுத்து, காலையில் தான் மண்டியிடும் அதே இடத்தில் கிடத்தினாள். தரையில் அதற்குள் சில்லிப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

பூட்ஸ் நாடாக்களைக் கத்தியால் அறுத்தாள். காலுறைகளை உருவினாள். பாதங்கள் எந்த நிறம் என்று நின்று பார்க்கத் தைரியம் இல்லை. கோட்டைத் திறந்து, சட்டைகளை ஒரே பிடியாக மேலே இழுத்து, இரண்டு பாதங்களையும் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஓடையடிக் கற்களை அணைத்துக்கொண்டதுபோல் மூச்சு நின்று வந்தது.

சட்டைப்பையிலிருந்து கோலிக்குண்டு நழுவித் தரையில் விழுந்தது. ஒரு கணம் நின்று, தானாகக் கிளம்பி, மேஜைக்காலைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, அடுப்புக்கு அடியில் போய் டொக்கென்று முட்டியது.

டார்லா எண்ணவில்லை. கோட்டின் ஜிப்பை அவன் கணுக்கால்களுக்கு மேல் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு இழுத்து மூடினாள். பிறகு கோட்டின் அடிப்பக்கமாகக் கையை நுழைத்து, ஒரு விரலைத் தேடிப் பிடித்து அழுத்தினாள்.

"இது?"

ரஸ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.