மேடை விளக்கா, தண்ணீர் மோட்டாரா?

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். ஒரு முகூர்த்தக் காலையில் மழையால் கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் மேடை விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துத் தாங்காது. தொட்டி காலியாக இருந்ததால் மோட்டாரைப் போட்டேன்.

பெண்ணின் தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். "துபாய்லருந்து அவ அண்ணன் வீடியோல பாத்துக்கினு இருக்கான். ஜல்தியா லைட்டப் போடுய்யா!"

"தண்ணி இல்லன்னா சமையலே நின்னுடுமுங்க."

"சோத்துக்காடா வந்தோம், அறிவுகெட்டவனே?"

ஆனாலும் நான் மோட்டாரை நிறுத்தவில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில்தான் தாலி கட்டினார்கள்.

முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டே அவர் மறுபடியும் திட்டினார். துபாயிலிருந்து பார்த்த அந்த அண்ணனை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. தண்ணீர் வந்ததை மட்டும் அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. நின்றிருந்தால்தான் கவனித்திருப்பார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.