மஞ்சள் தண்ணீர் தெளித்த ஜன்னல்கள்

மலேசியாவின் உலு திராமில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். அதன் ஜன்னல்கள் பழைய இரும்புச் சட்டம் போட்டவை. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, உள்ளே துரு ஊறி, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது.

சென்ற ஆண்டு என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே அவர் பெயிண்ட் பிரிவில் இருந்தவர். பல மாதம் சும்மா இருந்த பிறகு, தானே கோயில் தலைவரிடம் போய் அந்த ஜன்னல் வேலையைக் கேட்டார். "இதை நல்லா செஞ்சு காட்டு, சமையல்கூடத்து ஜன்னல், வாசல் கேட்டு எல்லாம் உனக்கே தரேன்" என்றாராம் தலைவர். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே இதை என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. அதற்குள் வேலையை முடிக்க இந்தச் சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டோம். அவர் சட்டங்களில் பெயிண்ட் கரைக்கும் மருந்து பூசிக் காத்திருப்பார். பெயிண்ட் கொப்பளித்துச் சுருளும். தகட்டால் சுரண்டி எடுப்பார். மூலைகளுக்குக் கம்பி பிரஷ், பிறகு மணல் தாள். நான் கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளினேன். மருந்து நெடியில் இருவருக்கும் கண் எரிந்தது. சாயங்காலம் சட்டங்கள் எல்லாம் புதுப் பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தன.

அன்றே அடிப்பூச்சு பூசியிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. பெயிண்ட் வாங்கி வர அவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

"தூசியெல்லாம் துடைச்சு வச்சிரு, வந்திடுறேன்."

வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரால்தான் துடைப்பேன். கல்யாணம் நடக்கப்போகிற இடம், நாள் முழுக்கச் செருப்புக் காலோடு மிதித்திருக்கிறோம் என்று மனம் உறுத்தியது. கோயில் சமையல்கூடத்தில் கல் உப்பும் மஞ்சள் தூளும் இருந்தன. ஒரு வாளி நிறையக் கரைத்தேன். தரையைத் துடைத்தேன். அதே துணியால் ஜன்னல் சட்டங்களையும் இடுக்கு விடாமல் துடைத்தேன். மிச்சத்தைத் தெளித்தேன். கடை மூடியிருந்ததென்று அவர் நனைந்துபோய் வெறுங்கையோடு வந்தபோது இருட்டிவிட்டது. அப்படியே வீட்டுக்குப் போனோம்.

காலையில் பெயிண்ட் டின்னோடு வந்து ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டம் முழுக்கத் துரு ஏறி, செம்மண் பூசினது போல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

"கழுவுனியா?"

"மஞ்சத் தண்ணி... உப்புப் போட்டு."

அவர் ஏதாவது சொல்வதற்குள் தலைவர் உள்ளே வந்தார். கூட இரண்டு கமிட்டி ஆட்கள்.

"ஐயய்யோ, அலமாக், என்னய்யா இது? நேத்து பளபளன்னு இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"மழை ஈரம், தலைவரே. சுரண்டிட்டு இன்னைக்கே அடிச்சிடுறேன்."

"மழையில மஞ்சளுமா வரும்?" தலைவர் சட்டத்தை முகர்ந்து பார்த்தார். "கல்யாணப் பொண்ணுக்கு முன்னாடி ஜன்னலுக்கு நலங்கு வச்சிட்டியா?"

கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். "நம்ம ஆளுன்னு குடுத்தா இப்படித்தான் லா" என்றார் அவர்களில் ஒருவர். என் கணவர் டின் மூடியைத் திருகிக்கொண்டே குனிந்திருந்தார்.

நான் தூண் பக்கம் காப்பிக் குடுவையோடு நின்றேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். கோயில் கூட்டத்தில் என் பெயரைக் கேட்டால்கூட அவர்தான் சொல்வார். எப்படியோ, "நான்தான்..." என்று ஆரம்பித்தேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னம்மா?" தலைவர் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல தலைவரே" என்றார் என் கணவர். "காப்பி குடிக்கிறீங்களான்னு கேக்குறா."

நான் காப்பி ஊற்றினேன். மூன்று பேருக்கும் கொடுத்தேன். அவர் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும், அந்தப் பொய் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுபடியும் சுரண்டினோம். இந்த முறை நானும் தகட்டைப் பிடித்தேன். உப்பு அரித்த இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்திருந்தன, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மாலைக்குள் அடிப்பூச்சு பூசி முடித்தார். தலைவர் வந்து பார்த்தார்.

"சரி, இது ஆச்சு. சமையல்கூடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"சரிங்க, தலைவரே."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தனியாகப் போனேன். எல்லாரும் கிளம்பும்வரை நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, விளக்குகளை அணைக்க வந்த தலைவரிடம் போய் நின்றேன்.

"ஜன்னல்ல மஞ்சத் தண்ணி தெளிச்சது அவரில்லைங்க. நான். அவருக்குத் தெரியாமச் செஞ்சது."

தலைவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதாம்மா? வேற ஆளு இன்னைக்குத்தான் வேலைய ஆரம்பிச்சான்."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். சமையல்கூடத்துப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் யாரோ இன்னும் இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள வெகு நேரம் ஆனது.