கிளிப்பச்சைக் காரின் பின்சீட்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டிப் பேப்பர் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆர்சியில் பெயர் மாற்றுவது, இன்சூரன்ஸ் போடுவது, இவைதான் தினசரி வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், “மோடிஃபை பண்ண வண்டிய விக்க வந்தா இன்னா மேடம் பண்றது?” என்று கேட்டால் முனுசாமி அண்ணனின் காரைப் பற்றித்தான் சொல்வேன்.

முனுசாமி அண்ணன் பக்கத்தில் பெருநகர் என்கிற கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். வெள்ளையாக இருந்த காருக்குக் கிளிப்பச்சை அடித்து, மூட்டை ஏற்றுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றி, லாரிக்காரர்கள் வைக்கிற பாட்டு ஹாரனையும் மாட்டியிருந்தார். ஒருநாள் காலையில் அந்த ஹாரன் என் கடை வாசலில் பாடியது. கூடவே ஷாஹிதா இறங்கினாள். டவுனில் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். பின்சீட்டு இல்லாததால் பிரியாணி செய்கிற பெரிய தேக்சா இரண்டு தாராளமாக உட்காரும் என்று அவளுக்கு ஏக சந்தோஷம்.

“கலாம்மா, வெல பேசி முடிச்சாச்சு. அவங்க பேருக்கு மாத்திக் குடுத்துடு. நான் சாவிய குடுத்துட்டு பஸ்ஸ புடிக்கிறேன்” என்றார் அண்ணன்.

நான் வெளியே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன்.

“அண்ணா, ஆர்சில வெள்ள கலரு, அஞ்சு சீட்டுன்னு கீது. இங்க பச்சயா கீது, பின்னாடி சீட்டே இல்ல. இப்படியே விக்கக் கூடாது.”

“இன்னாம்மா பேஜார் பண்ற? பாத்துதான வாங்கறாங்க? சாவிய குடுத்துட்டா அப்புறம் எனக்கு இன்னா?”

உட்கார வைத்து விளக்கினேன். பெயர் மாறும்வரை சட்டப்படி அது அவர் வண்டி. எங்கேயாவது மோதினால் நோட்டீஸ் பெருநகருக்குத்தான் வரும். சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் கூடும். ஷாஹிதாவின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பி நேராகக் கேட்டாள்.

“அண்ணா, வேற எதுனா கீதா? இப்பவே சொல்லிடுங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒருவாட்டி ஏரிக்கரைலேந்து பள்ளத்துல எறக்கிட்டேன். முன் பம்பரு ஒடஞ்சி, புச்சா மாட்டிக்கீறேன்.”

தெரிந்தே இல்லையென்று சொல்லியிருந்தால் அது ஏமாற்று வேலை. அவர் சொன்னதும் ஷாஹிதாவுக்கு மறுபடி தெம்பு வந்தது. “இத சொன்னீங்க பாருங்க. வண்டி எனக்குத்தான். எல்லாத்தையும் சரி பண்ணிட்டே குடுங்க, காத்திருக்கேன்.”

கலர் மாற்றத்தை ஆர்சியில் ஏற்றிவிடலாம். ஹாரனைக் கழற்ற வேண்டும். சீட்டைத் திரும்ப மாட்ட வேண்டும்.

“சீட்டு எங்க கீது அண்ணா?”

அவர் தரையைப் பார்த்தார். “வூட்லதான். உங்க அண்ணி அதுல குந்திக்கினுதான் சீரியல் பாக்குறா.”

மூவரும் அதே பச்சைக் காரில் பெருநகர் போனோம். கூடத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் சீட்டைப் போட்டு, பூப்போட்ட போர்வை விரித்து, நடுவில் கஸ்தூரி அண்ணி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“நான் ஏந்திரிக்க மாட்டேன். ஊர்ல எல்லார் வூட்லயும் சோபா கீது. இந்த மனுஷன் எனக்கு கார் சீட்ட கழட்டிப் போட்டாரு. அதயும் புடுங்கிக்கினு போனா நான் எங்க குந்துறது?”

ஷாஹிதா சிரித்துக்கொண்டே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா சொல்றது நியாயந்தானே? மொதல்ல சோபா வரட்டும். அப்புறம் சீட்டு போவட்டும்.”

இரண்டு பெண்களும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். மறுநாளே டெம்போவில் சிவப்பு சோபா வந்தது. மெக்கானிக் பின்சீட்டை பெல்ட்டோடு பழைய இடத்தில் மாட்டினார். ஹாரனைக் கழற்றுவதற்கு முன் அண்ணன் கடைசியாக ஒரு முறை முழுப் பாட்டையும் அடித்தார். எனக்குக் காது கேட்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, “யாருங்க இந்த கலர் செலக்‌ஷன்?” என்று கேட்டார்.

“நான்தான் சார். பயிருக்குள்ள உட்டா மட்டும் தெரியாது” என்றார் அண்ணன். அதிகாரி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

கலர் ஆர்சியில் ஏறிய பிறகுதான் விற்பனை நடந்தது. விற்ற தகவலை அண்ணன் பதினாலு நாளுக்குள் தெரிவித்தார். ஷாஹிதா ஆர்சியையும் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். பின்சீட்டை மடக்கினால் தேக்சா உட்காரும் என்பதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி கடைக்கு ஓடி வந்தாள்.

“அக்கா! சீட் பெல்ட் போடலன்னு ஃபைன் வந்து கீது!”

“அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?”

“எம்பேர்ல வந்து கீதுக்கா! அண்ணனுக்குப் போவல!”

வண்டியை விற்பதென்றால் இதுதான். என்ன மாற்றினோம் என்பதை ஆர்சியிலும் வாங்குகிறவரிடமும் சொல்லி, பெயரையும் மாற்றிக் கொடுத்த பிறகுதான் அது அடுத்தவர் வண்டி. உடனே முனுசாமி அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“நான் நிம்மதியா தூங்குறேன். அந்தப் பொண்ண பெல்ட்டு போட்டுக்கினு ஓட்டச் சொல்லும்மா” என்றார்.