‘நீங்க’ என்று ஒரு வரி

அந்த டப்பிங் கூடத்தில் அவளுக்கு வசனக்காரி என்றுதான் பெயர். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினாறு வருஷமாக இந்திப் படங்களுக்குத் தமிழ் எழுதுகிறாள். அவள் எழுதுவதை நாயகனுக்காகப் பேசுகிறவன் அவள் கட்டிய புருஷனேதான். நாலு டேக் வாங்காமல் ஒரு வரி பேசமாட்டான். “ஏன்டா சொதப்புற?”, “நீ முதல்ல ஒழுங்கா எழுதுடி!” என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று வளர்ந்த காதல்.

மூன்று மாதம் முன்பு ஒரு சண்டை. எதற்கு என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. மறுநாள் காலை அவன், “நீங்க சாப்பிட்டாச்சா?” என்றான். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். கிண்டலில்லை. அன்றிலிருந்து வீட்டில் நீங்க, வாங்க, போங்கதான். மனுஷன் கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம், மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது! அவள் மட்டும் பிடிவாதமாக ‘டா’வை விடவில்லை.

இந்த வாரம் வந்த படம், காதலித்துக் கட்டிக்கொண்ட இரண்டு பேரின் கதை. பாட்டு இல்லை, பனிமலை இல்லை. சின்ன வீடு, காயாத துணி, வாய்ச்சண்டை. கடைசியில் நாயகன், அதுவரை ‘தும்’ என்று கூப்பிட்ட மனைவியை ‘ஆப்’ என்கிறான். அதாவது, நீ போய் நீங்க வருகிறது. ‘நீங்க போங்க. நான் தடுக்கல’ என்று எழுதினாள். இதைப் பேசும்போது அவன் தடுமாறினால் தங்களுக்குள் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். பைத்தியக்காரி!

காகிதத்தைப் பார்த்து அவன் முகம் சுளித்தான். “இது எடுபடாதுங்க. எந்தப் புருஷன் பொண்டாட்டிய நீங்கன்னு சொல்லுவான்?”

“நீ சொல்றியேடா.”

அவன் மைக் முன்னால் போய் நின்றான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் நாயகனின் உதடு அசைந்தது.

“நீங்க போங்க. நான் தடுக்கல.”

உதடு அச்சாகப் பொருந்தியது. குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

“முதல் டேக்லயே ஓகே!” என்று சவுண்டுக்காரர் கைதட்டினார். “என்ன சார், வீட்லயே பிராக்டீஸா?”

அவன் வெளியே வந்து, “சரியா இருந்துச்சா?” என்று அவளைக் கேட்டான்.

தலையைக் குனிந்து காகிதங்களை அடுக்கினாள்.

“நல்லா பேசினீங்க” என்றாள்.